வாரம் ஒன்று சாப்பிட வேண்டியதைத் தினமும் சாப்பிட்டால்?

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. தக்கலை பக்கம் தனியாக இருக்கிறார். நான் மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். முட்டுவலி, தரையில் இருந்தால் எழும்பக் கஷ்டம் என்று சொன்னதால் ரத்தம் பரிசோதித்தோம். வைட்டமின் டி 13 என்று வந்தது. டாக்டர் 60,000 யூனிட் கேப்ஸ்யூல், வாரம் ஒன்று என்று எழுதினார். அம்மா அதைத் தினமும் ஒன்றாகப் பத்து நாள் சாப்பிட்டிருக்கிறார். நேற்றுதான் எனக்குத் தெரிந்தது. இப்போது ஒரு தொந்தரவும் இல்லை என்கிறார். பயப்பட வேண்டுமா? தினமும் காலையில் முற்றத்தில் வெயில் காய்கிறவருக்கு இது எப்படிக் குறைந்தது? வைட்டமின் டி தொடர்ந்து எடுத்தால் முதுமை மூன்று வருஷம் தள்ளிப்போகும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது, உண்மையா? பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சுகர் இல்லை.

பதில்: கேப்ஸ்யூலை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். கூடவே கால்சியம் மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தால் அதுவும் வேண்டாம். மறுபடி எப்போது தொடங்குவது என்பதைக் கீழே சொல்கிறேன்.

பத்து நாளில் உள்ளே போயிருப்பது 6 லட்சம் யூனிட். வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் கொடுத்தால் மொத்தம் 4 லட்சத்து 80 ஆயிரம்தான் வரும். ஆக, இரண்டு மாத மருந்து பத்தே நாளில் தீர்ந்து, அதற்கு மேலும் கொஞ்சம் போய்விட்டது. ஆனால் இதே 6 லட்சம் யூனிட்டை ஒரே ஊசியாகப் போடும் பழக்கமும் நம் நாட்டில் உண்டு. 20க்கு மேல் இருக்க வேண்டிய அளவு 13 ஆக இருந்தவருக்கு இந்த ஒரு தடவையால் நஞ்சாகும் வாய்ப்பு குறைவு. தவறு நீளும்போதுதான் விபரீதம். அட்டை தீர்ந்ததும் காலி அட்டையைக் கடையில் காட்டி இன்னொன்று வாங்குவார்கள், அதையும் தினமும் விழுங்குவார்கள். மூன்றாவது மாதம் ரத்தத்தில் டி 150ஐத் தாண்டியிருக்கும், கால்சியம் ஏறியிருக்கும், சிறுநீரகம் தடுமாறத் தொடங்கியிருக்கும். நீங்கள் பத்தாம் நாளே கண்டுபிடித்தது நல்லது.

வைட்டமின் டி கூடினால் தொல்லை தருவது கால்சியம். குடலிலிருந்து அதிகமாக உறிஞ்சப்படும், எலும்பிலிருந்தும் கரைந்து ரத்தத்துக்கு வரும். வைட்டமின் டி கொழுப்பில் தங்கி மெதுவாக வெளியே வருவதால் மருந்தை நிறுத்திய பிறகும் சில வாரம் இது நடக்கலாம். எனவே இந்த வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம் கழித்து இன்னொருமுறை ரத்தத்தில் கால்சியம், ஆல்புமின் என்ற புரதம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றும் பார்க்க வேண்டும். ஆல்புமின் எதற்கு என்றால், அது குறைவாக உள்ள முதியவர்களுக்குக் கால்சியமும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்; கணக்குப் போட்டுத் திருத்த வேண்டியிருக்கும். வைட்டமின் டி பரிசோதனையை இப்போது திரும்பச் செய்யாதீர்கள். கூடியிருக்கும் என்பது தெரிந்ததே. அந்த எண்ணை வைத்து இப்போது செய்ய ஒன்றுமில்லை.

கால்சியம் 10.5க்குள் இருந்தால் கவலை இல்லை. 10.5க்கும் 12க்கும் நடுவே இருந்தால் தண்ணீர் கூடுதலாகக் குடித்து, ஒரு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 12ஐத் தாண்டினாலோ, எண் எதுவானாலும் ஓயாத வாந்தி, கடும் மலச்சிக்கல், அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், அசதித் தூக்கம், பேச்சில் குழப்பம் என்று ஏதாவது தெரிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தக்கலையில் இருப்பவருக்குப் பத்மநாபபுரம் அரசு மருத்துவமனை பக்கம்தான். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கொண்டுபோகலாம். "60,000 யூனிட், பத்து நாள், தினமும்" என்று எழுதிய சீட்டைக் கையில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மலச்சிக்கலுக்கும் வாந்திக்கும் தனித்தனியாக மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

பிரஷர் மாத்திரை அட்டையை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். பெயருக்குப் பின்னால் 'ஹெச்' அல்லது 'சிடி' என்று ஒட்டியிருந்தால், அல்லது மருந்தின் கூறுகளை எழுதியிருக்கும் இடத்தில் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தலிடோன் என்று இருந்தால், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் இந்த வாரமே பேச வேண்டும். அந்த மருந்துகள் சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதைக் குறைக்கும். வைட்டமின் டியும் கூடியிருக்கும் நேரத்தில் இரண்டும் சேர்ந்து கால்சியத்தை ஏற்றிவிடும். தானாக நிறுத்தக் கூடாது, பிரஷர் எகிறும். டாக்டர் சில வாரத்துக்கு வேறு மாத்திரை மாற்றிக் கொடுப்பார். இதயத்துக்கு டிகாக்சின் சாப்பிடுகிறவர், சிறுநீரகக் கல் வந்தவர், காசநோய்க்கு மருந்து எடுப்பவர் இவர்களும் 60,000 யூனிட்டைத் தொடுவதற்கு முன் தங்கள் டாக்டரிடம் சொல்ல வேண்டியவர்கள்.

இனி வெயில். அம்மா காய்வது இளவெயில். உடம்புக்கு இதம், தூக்கத்துக்கும் நல்லது. வைட்டமின் டிக்கு அநேகமாகப் பூஜ்யம். தோலில் வைட்டமின் டியை உண்டாக்குவது யுவிபி எனும் புற ஊதாக் கதிர். சூரியன் தாழ்வாக இருக்கும்போது அது காற்று மண்டலத்தைச் சாய்வாக நெடுந்தூரம் கடக்க வேண்டியிருப்பதால் வழியிலேயே ஓசோன் அதை விழுங்கிவிடும். முற்றத்தில் நிற்கும்போது தன் நிழல் தன் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும். குட்டையாக இருந்தால் கதிர் வருகிறது. நம் கன்னியாகுமரி மாவட்டம் 8 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் வருஷம் முழுக்க இது கிடைக்கும்: சித்திரையில் சுமார் ஒன்பதேகாலிலிருந்து மூன்றேகால் வரை, மார்கழியில் சுமார் பத்தேகாலிலிருந்து இரண்டரை வரை. ஏழு மணிக்கு முற்றத்தில் விழும் நிழல் ஆளைவிடப் பல மடங்கு நீளம்.

நேரம் சரியாக அமைந்தாலும் மீதிக் கணக்கு இடிக்கிறது. தென்னை, பலா, ரப்பர் என்று மரநிழலில் கிடக்கும் ஊர்கள். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையின் மேகமும் நமக்கு உண்டு. சேலைக்கு வெளியே தெரிவது முகம், முன்கை, பாதம்தான். கறுத்த தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுபது வயதுத் தோல் அதே வெயிலில் இளவயதுத் தோல் செய்வதில் பாதிகூடச் செய்வதில்லை. பத்தரை மணிவாக்கில் முன்கையும் முழங்காலுக்குக் கீழும் வெயில் பட இருபது நிமிஷம், வாரத்தில் நான்கு நாள் இருந்தால் நல்லது. தலைக்குத் துணியோ குடையோ போட்டுக்கொள்ளலாம். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே இருந்து பயனில்லை, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். ஆனால் 13 என்ற அளவை வெயிலை மட்டும் நம்பி இந்த வயதில் ஏற்றுவது நடக்காது. மருந்து எழுதியது சரியே, எண்ணிக்கைதான் தப்பிப்போனது.

சாப்பாட்டில் சாளை, அயிலை போன்ற எண்ணெய் மீன்களில்தான் சொல்லும்படி வைட்டமின் டி இருக்கிறது. சாளையில் 100 கிராமுக்குச் சுமார் 200 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெயில் முறுகப் பொரித்தால் கணிசமாகக் குறையும். மரச்சீனிக்குத் தொட்டுக்கொள்ளும் சாளைக் குழம்பே மேல். முட்டை மஞ்சள்கரு ஒன்றில் 40 யூனிட் அளவில் இருக்கும். செறிவூட்டிய பால் பாக்கெட்டில் 'பிளஸ் எஃப்' என்று நீல முத்திரை இருக்கும். லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட், ஒரு டம்ளரில் 50 வந்தால் அதிகம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்ன தினசரி அளவு 800 யூனிட். சாப்பாட்டால் மட்டும் அதை எட்டுவது மீன் வீட்டிலேயே கஷ்டம், சைவ வீட்டில் முடியாது. மீன் எண்ணெய் மாத்திரை என்று நினைத்து காட்லிவர் ஆயிலை அள்ளி எடுக்க வேண்டாம், அதில் வைட்டமின் ஏ அதிகம். கூடினால் எலும்புக்கே கேடு.

வாட்ஸ்அப் செய்திக்கு வருகிறேன். அது முழுப் பொய் இல்லை, வெட்டி ஒட்டியது. அமெரிக்காவில் 25,871 பேரிடம், தினமும் 2,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்தும் கொடுக்காமலும் ஐந்து வருஷத்துக்கு மேல் 'வைட்டல்' என்ற ஆய்வு நடந்தது. அதில் சுமார் ஆயிரம் பேரின் ரத்த வெள்ளையணுக்களில், குரோமோசோம் நுனியில் உறைபோல இருந்து வயதாக ஆகத் தேயும் டெலோமியர் எவ்வளவு தேய்கிறது என்று நான்கு வருஷம் பார்த்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்குத் தேய்மானம் குறைவு என்று 2025இல் வெளியிட்டார்கள். அந்த வித்தியாசத்தை வருஷக் கணக்காக மாற்றித்தான் "மூன்று வருஷம்" என்கிறார்கள். வெள்ளையணுவில் மட்டும் எடுத்த அளவு அது. அதே ஆய்வின் முழுக் கூட்டத்திலும் புற்றுநோய் வருவதோ மாரடைப்போ குறையவில்லை என்று 2018இலும், எலும்பு முறிவும் குறையவில்லை என்று 2022இலும் சொன்னார்கள். வாட்ஸ்அப்பில் இந்த இரண்டும் வந்திருக்காது. ஆஸ்திரேலியாவில் அறுபது தாண்டிய 21,000க்கும் மேற்பட்டவர்களுக்கு மாதம் 60,000 யூனிட் ஐந்து வருஷம் கொடுத்தும் மரணம் குறையவில்லை.

இந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் குறைபாடு இல்லாதவர்கள். உங்கள் அம்மா அப்படி இல்லை. 13ஐ 20க்கு மேல் கொண்டுவருவதில் எலும்புக்கும் தசைக்கும் லாபம் உண்டு. 30ஐ 60 ஆக்குவதில் ஒன்றும் இல்லை. ஹார்மோன் மருத்துவர்களின் சங்கமான அமெரிக்க என்டோகிரைன் சொசைட்டி 2024இல் சொன்ன வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதே பக்கம்தான்: எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள் பரிசோதனை இல்லாமலே தினசரி சிறு அளவு எடுக்கலாம், ஐம்பதைத் தாண்டி வைட்டமின் டி தேவைப்படுகிறவர்களுக்கு விட்டுவிட்டுக் கொடுக்கும் பெரிய அளவைவிடத் தினசரி சிறு அளவு நல்லது. காரணம் இருக்கிறது. எழுபது தாண்டிய பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வில், 2010இல் வந்த முடிவு, மருந்து எடுத்தவர்கள் 15 சதவீதம் அதிகமாக விழுந்தார்கள், முறிவு 26 சதவீதம் அதிகம். எலும்பைக் காக்கக் கொடுத்த மருந்து ஆளைக் கீழே தள்ளியது. எனவே இந்த இரண்டு மூன்று மாதம் அம்மா நடமாட்டத்தில் கூடுதல் கவனம் தேவை.

முட்டுவலிக்கு அநேகமாகத் தேய்மானமே காரணம், அது வைட்டமின் டியால் திரும்பாது. தரையிலிருந்து எழும்பக் கஷ்டம் என்பதைத்தான் நான் பெரிதாக எடுக்கிறேன். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைப் பெருவிரலால் அழுத்தினால் வலிக்கிறதா, நடை வாத்து நடையாகச் சாய்கிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஆம் என்றால் எலும்பு மென்மையாகியிருக்கலாம். இந்த வார ரத்தப் பரிசோதனையோடேயே ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், பாஸ்பரஸ் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இல்லை என்றால் தொடைத் தசை தளர்ந்திருக்கிறது. கைப்பிடி இல்லாத நாற்காலியில் கைகளை மார்பில் கட்டி ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். பதினைந்து வினாடிக்கு மேல் ஆனால் தசை பலம் போதாது. அந்தச் சோதனையே பயிற்சியும்கூட: எட்டு தடவை, சற்று ஓய்வு, மறுபடி எட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள். முடியாவிட்டால் இருக்கையில் தலையணை போட்டு உயர்த்திக்கொண்டு, பலம் வர வரத் தலையணையை எடுத்துவிடலாம். அடுக்களைத் திட்டைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது பத்துத் தடவை.

தனியாக இருக்கும் அம்மாக்களின் இரவுச் சாப்பாடு பெரும்பாலும் கஞ்சியும் பப்படமும்தான். கஞ்சி இருக்கட்டும், சிறுபயறு ஒரு கிண்ணம் சேர வேண்டும், மீனோ முட்டையோ ஒரு நேரமாவது வேண்டும். 55 கிலோ எடை என்றால் நாளுக்கு 55 முதல் 65 கிராம் புரதம். சிறுநீரகம் சரியாக இருக்கிறதென்று கிரியேட்டினின் பார்த்த பிறகு. குளியலறை வீட்டுக்கு வெளியே இருந்தால் போகும் வழியில் மழைக்காலப் பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்க ஆள் ஏற்பாடு செய்யுங்கள், படியோரம் ஒரு கைப்பிடி, ராத்திரி எரியும் ஒரு விளக்கு, தேய்ந்த ரப்பர் செருப்புக்குப் பதில் புதியது. மஸ்கட்டிலிருந்து வைட்டமின் பாட்டில் அனுப்புவதைவிட இந்தச் செலவு உருப்படி.

மூன்று மாதம் கழித்து வைட்டமின் டி பாருங்கள். 20க்கு மேல் இருந்து கால்சியமும் சரியாக இருந்தால், தினமும் 1,000 யூனிட் மாத்திரை ஒன்று, மதியச் சாப்பாட்டோடு. கொழுப்புள்ள சாப்பாட்டோடுதான் நன்றாக உறிஞ்சப்படும். 60க்கு மேல் இருந்தால் இன்னும் இரண்டு மாதம் ஒன்றும் வேண்டாம். கால்சியம் மாத்திரை தேவையா என்பதை உணவைப் பார்த்து அப்போது முடிவு செய்யலாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதற்கும் கால்சியத்துக்கும் நடுவே நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் 60,000 கேப்ஸ்யூலைப் பக்கத்து வீட்டு முட்டுவலிக்காரருக்குக் கொடுக்க விடாதீர்கள்.