கேமரா அப்புறம் வாங்கலாம்

வணக்கம் அம்மா,

மகளுக்குப் பத்திரிகைப் புகைப்படத் துறையில்தான் ஆசை, விலை உயர்ந்த கேமரா வாங்கித் தரட்டுமா, இதில் பிழைக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்.

விலை உயர்ந்த கேமரா இப்போதைக்கு வேண்டாம். செகண்ட் ஹேண்டில் சாதாரணமான ஒன்றும், ஜூம் இல்லாத 35 அல்லது 50 மி.மீ. லென்ஸ் ஒன்றும் முதல் இரண்டு வருடத்துக்குத் தாராளம். புகழ்பெற்ற பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸோடுதான் வேலை பார்த்தார். ஜூம் இல்லாவிட்டால் ஆள் பக்கத்தில் நடந்து போயே ஆக வேண்டும். உங்கள் மகளுக்கு இன்று வேண்டியது அந்த நடைதான்.

அவள் காட்டிய இருபது படங்களையும் நிதானமாகப் பார்த்தேன். வெளிச்சம் அவளுக்கு நன்றாகவே பிடிபடுகிறது. ஆனால் பதினேழு படங்களில் மனிதர்களின் முதுகுதான் தெரிகிறது. "திட்டிவிடுவார்களோ என்று பயம்" என்றாள். மீதியில் ஒன்று, சலூன்காரர் ஒருவர் கிருதாவைச் சரிபார்க்கும் படம். ஒரு கண்ணை லேசாக மூடியிருக்கிறார், மணிக்கட்டில் சோப்பு நுரை ஒட்டியிருக்கிறது. அவரிடம் மட்டும்தான் பெயர் கேட்டுப் பேசியிருக்கிறாள். அது படத்திலேயே தெரிகிறது.

அந்தச் சலூனுக்கே இரண்டு மாதம், வாரம் ஒருமுறை போகச் சொல்லியிருக்கிறேன். முதல் இரண்டு வாரம் கேமரா பையிலேயே இருக்கட்டும். அப்புறம் கடை முழுவதும் தெரிகிற மாதிரி ஒன்று, வேலை செய்யும் கைகள், சீப்பும் கத்தரியும், காத்திருப்பவர்களின் முகம் என எடுக்கட்டும். முந்நூறு படம் சேர்ந்ததும் எட்டே எட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எடுப்பதைவிடக் கழிப்பது கஷ்டம். பாதிக் கலை அங்கேதான் கைவரும்.

ஒவ்வொரு படத்துக்கும் படக்குறிப்பு எழுத வேண்டும்: யார், என்ன செய்கிறார், எங்கே, எப்போது. பெயரின் எழுத்தைச் சம்பந்தப்பட்டவரிடமே கேட்டுச் சரிபார்க்க வேண்டும். நல்ல படம் எடுக்கிற பிள்ளைகள் பலர் இதில் அலட்சியமாக இருந்து வாய்ப்பை இழப்பதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். குறிப்பு தவறு என்றால் செய்தியே தவறு.

எடிட்டிங்கிலும் கண்டிப்பு உண்டு. வெளிச்சத்தை, நிறத்தை ஓரளவு சரி செய்யலாம். இருந்ததை அழிக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. 2003 ஈராக் போரின்போது இரண்டு படங்களை ஒன்றாக ஒட்டி அனுப்பிய அமெரிக்க நாளிதழ்ப் புகைப்படக்காரர் வேலையை இழந்தார். அவர் அனுபவசாலி. அழகுக்காகச் செய்த ஒரு சின்ன வேலைதான் அது.

எந்தப் பட்டம் படிப்பது என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். பிரேசில் புகைப்படக்காரர் செபஸ்தியாவோ சால்காடோ பொருளாதாரம் படித்து, அந்த வேலையில் இருந்துவிட்டு 1973-இல் முழுநேரப் புகைப்படத்துக்கு வந்தவர். நம் நாட்டுப் பத்திரிகைப் புகைப்படக்காரர் தானிஷ் சித்திக்கியும் பொருளாதாரம் படித்துவிட்டு ஊடகப் படிப்புக்குப் போனவர்தான். ரோஹிங்யா அகதிகள் பற்றிய படங்களுக்காக 2018-இல் புலிட்சர் என்ற அமெரிக்கப் பத்திரிகை விருது பெற்ற ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனக் குழுவில் அவரும் இருந்தார். உலகம் எப்படி இயங்குகிறது என்று சொல்லித்தரும் எந்தப் பாடமும் கண்ணுக்குக் கூர்மை தரும். சட்டமோ வரலாறோ, அவளுக்குப் பிடித்ததை எடுக்கட்டும்.

அதே சித்திக்கி 2021-இல் ஆப்கானிஸ்தானில் மோதலைப் படமெடுக்கும்போது கொல்லப்பட்டார். இதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. ஆனால் இந்தத் துறையில் இருக்கிற எல்லோரும் போர்முனைக்குப் போவதில்லை. நீதிமன்றம், விளையாட்டு, வெள்ளம், தேர்தல் என்று அன்றாடச் செய்திக்கு உழைப்பவர்களே அதிகம். போராட்டங்களுக்குப் போகும் நாள் வந்தால், வெளியேறும் வழியை முதலில் பார்த்து வைப்பதையும் முதலுதவியையும் முறையாகக் கற்றுக்கொண்ட பிறகே போக வேண்டும்.

வருமானம்? நிரந்தர வேலைகள் குறைவு. பலர் ஃப்ரீலான்ஸாகத்தான் தொடங்குகிறார்கள். செலவைச் சமாளிக்கக் கல்யாணம், நிறுவன விழா என்று படமெடுக்கிறார்கள். அதில் கேவலம் எதுவுமில்லை. கூடவே வீடியோவும் எழுத்தும் தெரிந்தால் கதவுகள் கொஞ்சம் சுலபமாகத் திறக்கும். மூன்று வருடம் வீட்டு ஆதரவு தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியுமா என்று இப்போதே அவளோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்த எட்டுப் படங்களோடும் குறிப்புகளோடும் வரச் சொல்லுங்கள். நீங்களும் வாருங்கள். வருவதற்கு முன் சலூன்காரரிடம் அந்தப் படங்களை அவள் காட்டியிருக்க வேண்டும். அவர் என்ன சொன்னார் என்பதைத்தான் முதலில் கேட்பேன்.