தெருவைக் குறுக்கினால் வண்டிகள் மெதுவாகப் போகுமா?

கேள்வி: எங்கள் குடியிருப்புத் தெரு 9 மீட்டர் அகலம். 30 கி.மீ. என்று பலகை இருந்தும் வண்டிகள் பறக்கின்றன. தெருவைக் குறுக்கச் சொல்லிக் கேட்கலாமா? தீயணைப்பு வண்டி நுழையாது என்று சிலர் பயப்படுகிறார்களே?

பதில்: தாராளமாகக் கேளுங்கள். முன்னால் எவ்வளவு இடம் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் ஓட்டுபவர் வேகம் பிடிக்கிறார், பலகையெல்லாம் அப்புறம்தான். 30-இல் வரும் கார், ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு சுதாரித்து பிரேக் போட்டு நிற்க ஏறக்குறைய 13 மீட்டர் போதும். 50-இல் வந்தால் 28 மீட்டர் ஆகிவிடும், அதுவும் காய்ந்த சாலையில்.

தெரு முழுக்கக் குறுக்க வேண்டாம், வீண் செலவு. தெருமுனைகளிலும் ஆட்கள் கடக்கும் இடங்களிலும் மட்டும் இருபக்க நடைபாதையையும் உள்ளே நீட்டி, நடுவில் 5.5 மீட்டர் விட்டால் போதும். இரண்டு கார்கள் மெதுவாக விலகிப் போகலாம். 9 மீட்டரைக் கடக்க ஏழரை விநாடி எடுப்பவருக்கு நாலரை விநாடி சொச்சம்தான் ஆகும். எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று: நிறுத்திய கார்களுக்குப் பின்னால் மறைந்து நிற்கும் குழந்தை, நீட்டிய நடைபாதையில் நின்றால் ஓட்டுபவர் கண்ணில் படும். முனையின் வளைவையும் இறுக்கமாக்கச் சொல்லுங்கள். அகன்ற வளைவில் யாரும் வேகம் குறைக்காமலே திரும்புவார்கள்.

தீயணைப்பு வண்டியின் அகலம் சுமார் 2.5 மீட்டர். உங்கள் தெருவில் இருபுறமும் கார் நின்றால் இப்போதே 5 மீட்டர்தானே மிஞ்சும்? அதற்குச் சிக்கல் பெரும்பாலும் திருப்பத்தில்தான், முனையை ஒட்டி யாரோ காரை நிறுத்தியிருப்பார்கள். நடைபாதையை நீட்டினால் அந்த இடத்தில் நிறுத்த முடியாது. இருந்தாலும் உங்கள் ஊர் விதி கேட்கும் குறைந்தபட்ச அகலத்தைப் பார்த்துவிட்டு, தரையில் கோடு போட்டு அந்த வண்டியையே ஒருமுறை திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மழைநீர் ஓடும் வழியை அடைத்துவிடக் கூடாது. சைக்கிள்காரர் குறுகலில் காரோடு நெருக்கியடிக்காமல் போகவும் வழி வேண்டும்.

சிமெண்டுக்கு முன்னால் பெயிண்டும், இடித்தால் வளையும் கம்பங்களும் வைத்துச் சில மாதம் பாருங்கள். முன்னும் பின்னும் வேகத்தை அளக்க வேண்டும். சராசரி ஏமாற்றும், நூற்றில் 85 வண்டிகள் எந்த வேகத்துக்குள் போகின்றன என்று கேளுங்கள். அது இறங்கவில்லையென்றால் தெரு இன்னும் நேர்கோடாகத் தெரிகிறது என்று அர்த்தம். நெதர்லாந்து 1976-இல் சட்டமாக்கிய குடியிருப்புத் தெருக்களில் மரங்களையும் வளைவுகளையும் வைத்து அந்த நேர்ப்பார்வையை உடைத்தார்கள். நீங்கள் கார் நிறுத்துமிடத்தைக் கொஞ்ச தூரம் இடப்பக்கம், கொஞ்ச தூரம் வலப்பக்கம் என்று மாற்றிப் பார்க்கலாம்.