கிராங்க் சென்சார் ஒயரில் நாய்ஸ்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

புது கிராங்க் சென்சார் (எஞ்சின் சுழலும் வேகத்தையும் நிலையையும் எஞ்சின் கம்ப்யூட்டரான இ.சி.யூ.வுக்குச் சொல்வது) மாற்றியும் 3,000 ஆர்.பி.எம்.மைத் தாண்டினால் மிஸ்ஸிங் வருகிறது. ஸ்கேனரில் பி0336 (கிராங்க் சென்சார் சிக்னல் சரியில்லை என்னும் எர்ரர் கோட்). சென்சாரில் இரண்டு ஒயர்தான். திரும்பவும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம், தயவுசெய்து காசை வீணாக்காதீர்கள். இரண்டு ஒயர் என்றால் பெரும்பாலும் காந்தமும் சுருளும் கொண்ட வகை. வேகம் கூடக் கூட அதன் வோல்டேஜும் கூடும். அதனால் சென்சார் பலவீனமாக இருந்தால், செல்ஃப் அடிக்கும்போதே ஸ்டார்ட் ஆக மறுக்கும். மேல் வேகத்தில் மட்டும் தொல்லை என்றால் எனக்கு முதல் சந்தேகம் ஒயரில் ஏறும் நாய்ஸ், அதாவது வேண்டாத மின் குறுக்கீடு, மேல்தான்.

மின் அலையைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பின் ஒரு சேனலை சென்சாரிலும் இன்னொன்றை இக்னிஷன் காயில் டிரிக்கரிலும் மாட்டுங்கள். 60-2 சக்கரமாக (60 பல் இடத்தில் இரண்டு பல் இல்லாதது) இருந்தால் ஒரு சுற்றுக்கு 58 அலை, அப்புறம் ஒரு இடைவெளி. அலைகளுக்கு நடுவே கூரான முள் தெரிகிறதா? அது காயில் சுடும் அதே நொடியில் வந்தால் குற்றவாளி இக்னிஷன்தான். காயில் ஒவ்வொரு முறை சுடும்போதும் அதன் பிரைமரியிலேயே 300, 400 வோல்ட் எகிறும். சென்சார் ஒயர் பக்கத்தில் ஓடினால் அது அங்கேயும் ஏறிவிடும். ஒயரைத் தள்ளி, முடிந்தால் முறுக்கிய ஜோடியாக ஓட்டுங்கள். நாய்ஸைக் குறைக்கும் ரெசிஸ்டர் ஸ்பார்க் பிளக்தானா என்றும் பாருங்கள்.

ஒரு சுற்றுக்குள் அலையின் உயரம் மெதுவாக ஏறி இறங்கினால் அது நாய்ஸ் அல்ல, சக்கரம் ஆடுகிறது. சென்சாரின் ஒயர் இரண்டும் இடம் மாறியிருந்தாலும் இதே பி0336 கோட் வரலாம். கப்ளரைப் பிரித்து வேலை செய்த வண்டியில் அதை நான் முதலிலேயே பார்ப்பேன்.

சென்சார் ஒயரைச் சுற்றியுள்ள உலோக உறையான ஷீல்டை இரண்டு முனையிலும் எர்த் செய்தால் இன்னும் நல்லதா?

இல்லை, கெடுதல். எஞ்சின் பிளாக்குக்கும் இ.சி.யூ. எர்த்துக்கும் இடையே, முக்கியமாக செல்ஃப் சுற்றும்போது, சிறு வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். இரண்டு பக்கமும் கட்டினால் அந்தக் கரண்ட் ஷீல்டு வழியாகவே ஓடும். இ.சி.யூ. பக்கம் மட்டும் கட்டி, சென்சார் பக்கத்தை வெட்டி ஸ்லீவ் போட்டு மூடுங்கள். சரிபார்க்க இ.சி.யூ. கப்ளரைக் கழற்றிவிட்டு ஷீல்டுக்கும் பிளாக்குக்கும் மீட்டர் வையுங்கள். பீப் சத்தம் வந்தால் எங்கோ உரசி எர்த் ஆகியிருக்கிறது.

மல்டிமீட்டர் மட்டும் போதாதா?

ஒயர் அறுந்ததா, சுருள் போனதா என்று சொல்லும். நாய்ஸைக் காட்டாது. மூன்று ஒயர் ஹால் சென்சாரில் ஓம்ஸ் வைக்கவே வேண்டாம், உள்ளே இருக்கும் எலெக்ட்ரானிக்ஸ் கெடலாம்.

ஹெட்லைட், ஏசி போட்டால் மட்டும் ஆர்.பி.எம். முள் துடிக்கிறது.

எஞ்சின் ஓட, லோடு போட்டு, மீட்டரை மாறுமின் (ஏ.சி.) வோல்டேஜில் வைத்து பேட்டரியில் பாருங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டர் டயோடு மேல் சந்தேகப்படலாம். அது சரி என்றால் பேட்டரி நெகட்டிவுக்கும் பிளாக்குக்கும் இடையே டிசி அளவு. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஸ்ட்ராப்பைக் கழற்றித் துருவைச் சுரண்டி மாட்டுங்கள். ஆனால் ஓடும் எஞ்சினில் பேட்டரி ஒயரை மட்டும் கழற்றிப் பார்க்காதீர்கள். வோல்டேஜ் எகிறி இ.சி.யூ.வே போய்விடலாம்.