சிக்கிமுக்கிக்கல்லுக்குள்ள கடற்பஞ்சு: உங்க கேள்விகளுக்கு பதில்

பதினோரு வருஷமா இங்கிலாந்து தெற்குக் கரையில, பிரைட்டன்லேர்ந்து ஈஸ்ட்போர்ன் வரைக்கும் நடந்து கடற்பஞ்சு, அதாவது ஸ்பாஞ்ச்ங்கற கடல் பிராணியோட ஃபாஸில் பொறுக்கறேன். கேள்வி அனுப்புங்கன்னேன், நெறைய வந்திருக்கு, ஒவ்வொண்ணா வரேன்.

சாதாரணக் கல்லுன்னும் ஸ்பாஞ்சுன்னும் எப்படி பிரிச்சுப் பாக்கறது அண்ணா?

10 மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கிக்கோ தம்பி. ஸ்பாஞ்ச் உயிரோட இருந்தப்ப பக்கத்துல இருக்கற சின்னச் சின்ன துவாரம் வழியா தண்ணிய இழுத்து மேல இருக்கற பெரிய வாய் வழியா வெளிய தள்ளும், அந்த வழியெல்லாம் கல்லுலயும் அப்படியே இருக்கும். புனல் மாதிரியோ கிண்ணம் மாதிரியோ வடிவம், சுவர் முழுக்க ஓட்டை, அப்படின்னா நம்பலாம். நடுவுலேர்ந்து சக்கரத்து ஆரம் மாதிரி தடுப்பு ஓடிச்சுன்னா அது பவளம். இங்க புனல் வடிவத்துல அதிகமா கெடைக்கறது வென்ட்ரிகுலைட்டிஸ், பேர் வெச்சவர் லூயிஸ் ஊர் டாக்டர் கிடியன் மான்ட்டெல், இக்வானோடான் டைனோசருக்கும் பேர் வெச்சவர் அவர்தான்.

இது டைனோசர் முட்டையா? (போட்டோ)

இல்லீங்க. உருண்டை சிக்கிமுக்கிக்கல்.

சிக்கிமுக்கிக்கல்லுக்குள்ள ஸ்பாஞ்ச் எப்படிப் போச்சு?

இதுக்காகத்தான் நான் உக்காந்திருக்கேன். ஸ்பாஞ்ச் உள்ள போகல, கல்லுதான் ஸ்பாஞ்சுலேர்ந்து வந்துச்சு. 8 கோடி வருஷத்துக்கு மேல முன்னாடி இந்த இடம் கடல், அடியில வெள்ளைச் சுண்ணாம்புச் சேறு. அங்க வளந்த ஸ்பாஞ்சுகள்ல பல வகைக்கு எலும்புக்கூடே கண்ணாடி மாதிரி சிலிக்கா ஊசிதான், செத்ததும் அந்த ஊசி சேத்துக்குள்ள கரைஞ்சு, சிலிக்கா தண்ணியோட நகந்து போய், நண்டு கிண்டு தோண்டின வளையிலயும் புதைஞ்ச ஸ்பாஞ்ச் உடம்பச் சுத்தியும் மறுபடி இறுகிடுச்சு, அதுதான் சிக்கிமுக்கி. சில கல்லு உள்ள பொள்ளலா இருக்கும், உடைஞ்சு கெடந்தா பாருங்க, உள்ள கோதுமை மாவு மாதிரி வெள்ளைப் பொடி. அத தண்ணியில அலசி மைக்ராஸ்கோப்புல வெச்சா நங்கூரம் மாதிரி, மூணு கால் முக்காலி மாதிரி ஊசிங்க குவியலா தெரியும். ஜார்ஜ் ஜென்னிங்ஸ் ஹிண்டேன்னு ஒருத்தர் 1880ல நார்ஃபோக்ல ஹார்ஸ்டெட்ல கெடைச்ச ஒரே ஒரு கல்லுக்குள்ள இருந்த ஊசிகள வெச்சே ஒரு நூல் எழுதிட்டார். ஒரே கல்லு!

வினிகர்ல ஊறவெச்சு க்ளீன் பண்ணலாமா?

கூடாது. உருண்டையா கெடைக்கற போரோஸ்ஃபேரான்ற ஸ்பாஞ்சுக்கும், ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்ல ஃபாரிங்டன் ஊர்ல கெடைக்கற ஸ்பாஞ்சுக்கும் சுண்ணாம்பு எலும்பு, வினிகர் அதயே தின்னுடும். போன வருஷம் ஒருத்தர் ஒரு ராத்திரி ஊறவெச்சுட்டு காலைல கொண்டு வந்து காட்டினார், மேல இருந்த வரி ஒண்ணு கூட மிஞ்சல, எனக்கு மனசே ஆறல. நல்ல தண்ணியில நாலஞ்சு நாள், தினமும் தண்ணி மாத்தி, உப்பு எறங்கட்டும். அப்புறம் மெத்துன்னு இருக்கற டூத்பிரஷ். அவ்ளோதான்.

ஃபாரிங்டன் போகலாமா சார்? ஆழமில்லாத கடல்னு சொல்றாங்களே.

ஆமா, சுமார் 11 கோடி வருஷத்துக்கு முன்னாடி வேகமா நீரோட்டம் ஓடின ஆழமில்லாத கடல். அதனாலதான் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்ல அந்த மஞ்சள் சரளையில ராஃபிடோனீமான்ற ஸ்பாஞ்ச் கிண்ணம் கிண்ணமா கெடைக்குது. குழிகள் பாதுகாக்கப்பட்ட இடம், அனுமதி வாங்காம உள்ள போகாதீங்க.

அரியலூர்ல தேடலாமா?

அதுவும் இதே காலத்துக் கடல்தான், கிரெட்டேஷியஸ்னு சொல்ற, டைனோசர் இருந்த காலம். நான் சொல்றது இங்கிலாந்துக் கரை, அதனால அங்க வேலை செஞ்ச புவியியல் வாத்தியார் யாரையாவது புடிங்க. சுரங்கக் குழிக்குள்ள சொல்லாம எறங்காதீங்க.

ஓட்டை போட்ட போரோஸ்ஃபேரா ஆதிமனுஷன் கோத்த மணின்னு படிச்சேன். உண்மையா?

ஓட்டை இயற்கை. 1860கள்ல பெட்ஃபோர்ட் பக்கம் பிடன்ஹாம் சரளைக்குழியில கல்லாயுதத்தோட கெடைச்சதால அந்தப் பேச்சு வலுத்துச்சு.

ஆனா விளிம்பு தேஞ்சிருக்கே, கயிறு உரசினாத்தானே அப்படி தேயும்?

ஆத்துல உருண்டாலும் தேயும்ங்க. 2009ல திரும்ப எடுத்து ஆராய்ஞ்சு, மனுஷன் துளைச்ச அடையாளம் இல்லன்னுதான் சொன்னாங்க. என் டப்பாவுல 60 இருக்கு, எல்லாம் நானே பீச்சுல எடுத்தது, அதுல 14ல ஓட்டை முழுசா அந்தப் பக்கம் போகுது, யாரு துளைச்சா?

துளைக்கலன்னாலும் பொறுக்கிக் கோத்திருக்கலாம்ல?

கோத்திருக்கலாம், நியாயமான கேள்வி. இயற்கையா ஓட்டை இருக்கற மணிய யாருதான் விட்டுட்டுப் போவா. ஆனா அதுக்கு கூட கெடந்த ஓட்டை இல்லாத உருண்டையையும் எண்ணியிருக்கணும். அந்தக் காலத்துல குழியில பொறுக்கினவங்க ஓட்டை உள்ளத மட்டும் எடுத்து வெச்சிருந்தா கணக்கே தப்பாயிடும். அதனாலதான் நான் ரெண்டையும் எடுத்து வெக்கறேன்.

எலுமிச்சை சாறு ஓகேவா?

அதுவும் ஆசிட்தான். மேல வினிகர் பதில படிங்க ப்ளீஸ்.

இது டைனோசர் எலும்பா?

என்கிட்ட இருக்கறது எவ்ளோ விலை போகும்?

எலும்பு இல்ல, ஸ்பாஞ்ச். விலை நான் சொல்றதில்ல.

ஸ்கூல் லீவுல பசங்களோட வரோம், எங்க ஆரம்பிக்கறது அண்ணா?

அலை நேரம் பாத்து தண்ணி எறங்க ஆரம்பிச்சப்பறம் போங்கம்மா, ஏற ஆரம்பிச்சதும் திரும்பிடுங்க. குன்று அடியில நிக்கவே கூடாது, மழைக்கும் பனிக்கும் அப்பறம் சுண்ணாம்பு சொல்லாம சரியும், சுத்தியல் வேண்டாம். கீழ கெடக்கற கூழாங்கல்லு போதும். பட்டாணி சைஸ்லேர்ந்து கோலிக்குண்டு சைஸ் வரைக்கும் வெளுத்த உருண்டையா, மேல ஊசி குத்தின மாதிரி புள்ளி இருந்தா அது போரோஸ்ஃபேராவா இருக்கலாம், பசங்க கைல குடுங்க. ஒவ்வொண்ணையும் தனி கவர்ல போட்டு எந்த பீச், என்ன தேதின்னு அங்கயே எழுதிடுங்க, வீட்டுக்கு வந்து எழுதிக்கலாம்னா கலந்துடும்.