மாத வேலைக் கணக்கை எப்படிப் படிப்பது?

கேள்வி: மழையில் ரப்பர் பால்வெட்டு நின்று இங்கே பலர் சும்மா இருக்கிறார்கள். செய்தியில் சொல்லும் மாதாந்திர வேலையின்மை விகிதத்தில் இது தெரியுமா? - வாசகர், குலசேகரம்

பதில்: தெரியாது என்றே வையுங்கள். 2025 மே முதல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிடும் இந்த மாதக் கணக்கில் மாவட்ட எண் கிடையாது. போதாததற்கு, முந்தைய 7 நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலே ‘வேலையில் இருப்பவர்’தான்! மழை விட்ட ஒரு காலையில் ரப்பர் வெட்டியவரும் அதில் அடக்கம். வேலை தேடுவதையே கைவிட்டு, கிடைத்தாலும் செய்யத் தயாராக இல்லாதவர் உழைப்பாளர் கணக்கிலிருந்தே கழிந்துவிடுவார். விகிதம் குறையும், வேலை கூடியிருக்காது. ஆகவே உழைப்பாளர் பங்கேற்பு விகிதத்தையும் (மக்களில் வேலையில் இருப்பவரும் வேலையில்லாதவராகக் கணக்கிடப்படுபவரும் சேர்ந்து எத்தனை சதவீதம் என்பது) சேர்த்துப் பாருங்கள். மே மாதத்தோடு ஜூனை ஒப்பிடாதீர்கள். குளச்சலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடித் தடை இருப்பதுபோல, ஊருக்கு ஊர் பருவம் உண்டு. சென்ற ஆண்டின் ஜூனோடு ஒப்பிடுங்கள்.