நயாகரா போகும் வழியில் லெட்ச்வொர்த் பூங்காவுக்கு ஒரு மணி நேரம் போதுமா?

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை நியூஜெர்சியிலிருந்து நயாகராவுக்கு அழைத்துப் போகிறீர்கள். வழியில், நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் லெட்ச்வொர்த் ஸ்டேட் பார்க்கில் ஒரு மணி நேரம் இறங்கிப் பார்த்தால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. அரை நாளாவது ஒதுக்குங்கள். அதற்கும் நேரமில்லை என்றால் பேசாமல் நேரே நயாகரா போய்விடுங்கள்.

முதல் தடவை நானும் உங்களைப் போலத்தான் கணக்குப் போட்டேன். பூங்காவின் பெயரை மட்டும் போனில் தட்டிவிட்டுக் கிளம்பினோம். அது வடகோடியில் இருக்கும் மவுண்ட் மாரிஸ் வாசலில் கொண்டுபோய் விட்டது. பூங்காவின் நீளம் சுமார் 17 மைல். அருவிகள் மூன்றும் தெற்குக் கோடியில். வளைந்து வளைந்து போகும் சாலை, ஒவ்வொரு திருப்பத்திலும் "இங்கே நிறுத்து" என்று அம்மா. அருவிக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஆகவே தெற்கே கேஸ்டைல் வாசல் வழியாக உள்ளே போங்கள். ஆளுக்கு டிக்கெட் கிடையாது, வண்டிக்குத்தான் கட்டணம். பள்ளத்தாக்கில் போன் சிக்னலை நம்ப வேண்டாம். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவின் ஊடே ஓடும் ஜெனெசி ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடி ஒன்டாரியோ ஏரியில் கலக்கிறது. பனியுகத்தில் பனிப்பாறைகள் தள்ளிவந்த மண்ணும் கல்லும் பழைய ஆற்றுப்பாதையை அடைத்துவிட, ஆறு வேறு வழி தேடிப் பாறையை அறுத்துக்கொண்டு போன இடம்தான் இந்தப் பள்ளத்தாக்கு. "கிழக்கின் கிராண்ட் கேன்யன்" என்பார்கள். அது கொஞ்சம் அதிகம். ஆனால் அடுக்கடுக்கான அந்தப் பாறைச் சுவர்களை அக்டோபர் நடுவில், இலைகள் நிறம் மாறும் நாளில் பார்த்தால் அந்தப் பட்டத்தை மன்னித்துவிடலாம். கூட்டமும் அப்போதுதான் அதிகம்.

மேல் அருவிக்கு மேலே ரயில் பாலம் போகிறது. 1852இல் கட்டிய மரப்பாலம் 1875இல் எரிந்துபோய், அதற்குப் பின் வந்த இரும்புப் பாலமும் போய், இப்போது நிற்பது 2017இல் திறந்த எஃகு வளைவு. சரக்கு ரயில் வரும் நேரம் வாய்த்தால் காத்திருந்து பாருங்கள். கீழ் அருவிக்கு நூற்றுக்கு மேல் படிகள்; முழங்கால் வலி உள்ளவர்களை இறக்க வேண்டாம்.

நடு அருவிதான் முக்கியம். 107 அடி, சாலையை ஒட்டியே இருப்பதால் அதிகம் நடக்க வேண்டியதில்லை. பக்கத்தில் இருக்கும் விடுதி, வில்லியம் லெட்ச்வொர்த் என்ற பஃபலோ நகரத்து வியாபாரி 1859இல் வாங்கிய வீடு. ஆற்றில் அணை கட்ட மற்றவர்கள் கண் வைத்திருந்த காலத்தில், 1906இல், சாகும்வரை தான் குடியிருக்கலாம் என்ற நிபந்தனையோடு சுமார் 1,000 ஏக்கரை மாநிலத்துக்கு எழுதிவைத்தார். சற்றுத் தள்ளி மேட்டில் மேரி ஜெமிசனின் சமாதி. வெள்ளையர் வீட்டுச் சிறுமியாகப் பிடித்துச் செல்லப்பட்டு, பிறகு திரும்பிப் போக வாய்ப்பு வந்தும் செனெகா என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களோடே வாழ்ந்துவிட்டவர். அம்மா அங்கேதான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

ஒன்றை மட்டும் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்: குளிக்க முடியாது. என் அப்பா தென்காசிக்காரர். அருவி என்றால் அவருக்குத் தலையைக் கொடுத்து நிற்பதுதான். இரண்டாம் தடவை போனபோது காரிலேயே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். தடுப்புச் சுவரைக் கண்டதும், "குளிக்க விடாத அருவியைப் பார்க்கவா இவ்வளவு தூரம்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. காற்று எங்கள் பக்கம் திரும்பியது; கீழிருந்து எழும்பிய நீர்த்துளிகள் கண்ணாடியை மறைக்க, அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "சாரல் நன்றாக இருக்கிறது" என்று முகத்தை அருவிப் பக்கம் நீட்டியபடி நின்றார். துண்டுக்கும் வேலை வந்துவிட்டது.