ஹால்ல ஊஞ்சல் வந்துருச்சு, மத்தத எங்க வைக்க?

கேள்வி: அக்கா, எங்க ஃபிளாட்டு ஹால் 10க்கு 14 அடி. வீட்டுக்காரரு காரைக்குடில பழைய சாமான் கடையில 5 அடி தேக்கு ஊஞ்சல் பலகைய பித்தளை சங்கிலியோட வாங்கிட்டு வந்துட்டாரு. அத்தை குடுத்த தஞ்சாவூர் படம் ஒண்ணு இருக்கு, எனக்கு ஒரு சுவர் பூரா குடும்ப போட்டோ மாட்டணும்னு ஆசை. எல்லாத்தையும் வச்சா கடை மாதிரி ஆகிருமோ? (திருநகர் வாசகி)

பதில்: ஆகும்மா, சந்தேகமே வேணாம். ஸ்டேட்மென்ட் பர்னிச்சர்னு இப்ப எல்லாரும் சொல்றாங்களே, உள்ள நுழைஞ்சதுமே கண்ண இழுக்குற ஒரு பெரிய சாமான், உங்க வீட்டுல அது ஊஞ்சல்தான், அது வந்துட்டா மத்ததெல்லாம் கொஞ்சம் அடங்கிப் போகணும். பலகைய ஹாலுக்குக் குறுக்க போடுங்க, அங்கிட்டு இங்கிட்டு ரெண்டரை அடி நடக்க வழி கிடைக்கும், ஆட்டம் 14 அடி நீளவாக்குல போகும், சுவத்துல இடிக்காது. தரையில இருந்து 16, 17 இஞ்ச் உயரம் போதும், உக்காந்தா கால் தரையில படணும் பாத்துக்கங்க. கொக்கிதான் பெரிய விஷயம். சொந்த வீடு கட்டுறவங்க கான்கிரீட் போடுறப்பவே கம்பியோட சேத்துக் கட்டி கொக்கி விட்ருவாங்க, ஃபிளாட்ல உங்க சீலிங்தான மேல் வீட்டுக்காரங்க தரை, அதனால யாரோ ஒருத்தர கூப்ட்டு ட்ரில் போட்டுறாதீங்க, இன்ஜினியர் ஒருத்தர் பாத்துச் சொல்லட்டும், அவரு வேணாம்னா இரும்பு ஸ்டாண்டு அடிச்சுக்கலாம், அழகு கொஞ்சம் கம்மிதான் ஆனா தூக்கம் வரும்.

தஞ்சாவூர் படத்த ஊஞ்சல்ல உக்காந்தா நேரா தெரியுற சுவத்துல தனியா மாட்டுங்க. பொதுவா படத்தோட நடுப்பகுதி தரையில இருந்து 57லேருந்து 60 இஞ்ச்ல வரணும்னு சொல்வாங்க, அது நின்னு பாக்குறவங்களுக்கு, நீங்க உக்காந்து பாக்கப் போறீங்க, ஒரு நாலு இஞ்ச் இறக்குங்க. பலகை மேல துணி ஒட்டி சுண்ணப்பொடி பூசி தங்க ரேக்கு ஒட்டுன படம் அது, பாத்ரூம் சுவத்துக்குப் பின்னாடி மாட்டுனா ஈரம் ஏறி உப்பிரும், ஈரத்துணி பக்கமே கொண்டு போகாதீங்க. போட்டோவெல்லாம் ஹாலுக்கு வேணாம், பெட்ரூம் போற வழியில மாட்டுங்க, கல்யாணத்துக்கு வந்தவங்கள நின்னு நின்னு பாத்துக்கிட்டே போகலாம். இன்னொண்ணு, ஊஞ்சல்ல துணி காயப்போட மாட்டோம்னு வீட்ல எல்லார்ட்டயும் சத்தியம் வாங்கிக்கங்க, எங்க வீட்டுல நாலே மாசத்துல அது கொடியாயிருச்சு.

கேள்வி: பாட்டியோட பழைய சுங்குடி சேலைய வெட்டி பிரேம் போடலாமா? (மேலூர் வாசகி)

பதில்: வெட்டாதீங்க தாயி! ஒவ்வொரு புள்ளியும் கையால முடிச்சுப் போட்டு சாயத்துல முக்குனது, சௌராஷ்டிரக்காரங்க கைவேலை, புவிசார் குறியீடு வாங்குன சரக்கு. மடிச்சு முந்தானையும் கரையும் மட்டும் வெளிய தெரியுற மாதிரி வைங்க, பின்னாடி பருத்தித் துணியில லேசா தைச்சு நிறுத்துங்க, பசை வேணவே வேணாம். கண்ணாடி துணியில ஒட்டாம நடுவுல இடைவெளி விடச் சொல்லுங்க, இல்லாட்டி பூஞ்சை புடிக்கும். மேற்கு வெயில் அடிக்கிற சுவரா இருந்தா ரெண்டு கோடையில சாயம் வெளுத்துரும், நம்ம ஊரு வெயில் தெரியும்ல.

கேள்வி: வாடகை வீடு, ஓனரு ஆணி அடிக்கக் கூடாதுங்கிறாரு. (வில்லாபுரம் வாசகர்)

பதில்: அடிக்காதீங்க, அட்வான்ஸ்ல புடிச்சிருவாரு. பெரிய படம் ஒண்ண மேசை மேல சுவத்துல சாய்ச்சு வைங்க தம்பி, அடியில வழுக்காம ரப்பர் துண்டு வைங்க. பக்கத்துல, நம்ம மதுரைகிட்ட விளாச்சேரி கிராமத்துல செய்யுற மண்பொம்மை ஒண்ணு போதும். அங்க கொலு சமயத்துல வாங்கப் போனா கூட்டம் நெருக்கும், ஆவணிலயே ஒரு எட்டு போய்ட்டு வந்துருங்க.